நம்மூரு ஒண்ணு

போன வாரம் கண் ஆஸ்பத்திரிக்காகப் பாலக்காடு போயிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். எதிரே ஒரு கடை இருந்தது. எல்லாம் மங்கலாகத் தெரிந்ததால் பெயரையும் படிக்கவில்லை, விலையையும் படிக்கவில்லை. ஒரு டீ, ஒரு பழம்பொரி சொன்னேன். எண்பத்தைந்து ரூபாய் என்றார்கள். பார்வை சட்டென்று தெளிந்துவிட்டது. டாக்டரிடம் சொல்லியிருந்தால் சொட்டு மருந்தே வேண்டாம் என்றிருப்பார்.

விலைக்காக அழ உங்களைக் கூப்பிடவில்லை. தேங்காயெண்ணெய் விற்கிற விலையில் நேந்திரம்பழத்தை அதில் முக்கி எடுப்பவன் சும்மாவா கொடுப்பான்? விஷயம் அந்த வாசனை. அது மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் பசிக்கும். அடுத்த நிமிஷமே கோபம் வரும். என் மனைவிக்கு இது தெரியும். அதனாலேயே வீட்டில் பழம்பொரி போடுவதை விட்டுவிட்டாள்.

கொல்லங்கோட்டில் ஓர் உரக்கடையில் எனக்கு முதல் வேலை. கோவிந்தாபுரம் போகிற ரோட்டில், எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி சாகுலின் ஓட்டல். அவனுடைய அத்தா கல்லாவில் உட்கார்ந்திருப்பார், சாகுல் மேசைகளைப் பார்த்துக்கொள்வான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. நாள் முழுக்க யூரியா மூட்டைக்கும் பூச்சிமருந்து டப்பாவுக்கும் நடுவில் இருந்துவிட்டு நான் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் மெதுவாக அடுத்த பெஞ்சுக்கு நகர்வார்கள். சாகுல் சிரிப்பான். "நீ வந்தா ஈ அண்ட மாட்டேங்குது பங்காளி. தெனமும் வந்து உக்காரு." அவன் கொண்டுவந்து வைக்கிற பொரோட்டாவும் முட்டைக்கறியும்தான் அந்த நாட்களில் எனக்கு ராச்சாப்பாடு.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. சுவரில் தொங்கும் விலைப் பலகை வெளியூர்க்காரர்களுக்கு. பழநிக்குப் போகிறவர்கள், நெல்லியாம்பதி பார்க்க வருகிறவர்கள், லாரிக்காரர்கள் எல்லாரும் பலகையில் உள்ளதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். உள்ளூர்க்காரன் எழுந்து கை கழுவிவிட்டுக் கல்லாவை நோக்கி நடக்கும்போது, பின்னாலிருந்து சாகுல் ஒரு சத்தம் கொடுப்பான்: "நம்மூரு ஒண்ணு!" அத்தா தலையைக்கூடத் தூக்க மாட்டார். டீக்கு எட்டணா, சாப்பாட்டுக்கு மூன்று நாலு ரூபாய் குறைத்து வாங்கிக்கொள்வார். இது எங்கேயும் எழுதி வைத்ததில்லை. யார் நம்மூர், யார் இல்லை என்பதற்குச் சட்டமும் கிடையாது. கோட்டயத்திலிருந்து மாற்றலாகி வந்த தபால்காரர் பதினைந்தே நாளில் நம்மூர் ஆகிவிட்டார். மூன்று தலைமுறையாக அங்கேயே நிலபுலன் வைத்திருந்த ஒருவர் கடைசி வரை ஆகவில்லை. மேசை துடைப்பவரை ஒருநாள் கண்டபடி திட்டிவிட்டார், அதனால்தான். சாகுல் வாயில் வர வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்தவன் நான், பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். ஆனாலும் தினமும் பலகை விலையைக் கொடுத்துவிட்டு, பின்னாலிருந்து சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கல்லாவில் நிற்பேன். ஒரு மழை நாளில், கையில் பால் விடாத சுலைமானி டீத் தம்ளரோடு நின்றபடியே சாகுல் கத்தினான்: "அத்தா, நம்மூரு ஒண்ணு!" திரும்பிப் பார்த்தேன். நாலைந்து பேர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மழையில் நனைந்துகொண்டே அறைக்குப் போனேன், குடை கடையிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். "எட்டணாவுக்கா இந்த ஆட்டம் ஆடறே?" என்றாள். எட்டணா எங்கே இருந்தது அதில்!

அப்புறம் விலை ஏறாமல் இருந்ததா? ஏறிக்கொண்டேதான் இருந்தது. பலகை விலை ஏறினால் எங்கள் விலையும் பின்னாலேயே ஏறும். ஏறிய அன்று ஒருநாள் மட்டும் ரோஷப்பட்டு எதிர்க்கடையில் குடிப்போம். அந்தக் கடை டீயின் லட்சணத்தில் மறுநாள் ரோஷம் எல்லாம் போய்விடும். அத்தா மவுத்தான பிறகு சாகுலே கல்லாவில் உட்கார்ந்தான். வழக்கம் மட்டும் மாறவில்லை. நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தனக்குத்தானே உரக்கச் சத்தம் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தருவான். கல்யாணமாகி மனைவியை முதல்முறை கூட்டிப்போனபோது "நம்மூரு ரெண்டு!" என்றான். மகள் பிறந்ததும் "நம்மூரு ரெண்டரை!" அவள் காலேஜுக்குப் போகிற வரைக்கும் அவளை அரை என்றுதான் கூப்பிட்டான்.

எங்கள் ஊர் அழகு என்பதை யாரோ போனில் படம் பிடித்துப் போட்ட பிறகுதான் உலகம் கண்டுபிடித்தது. வயலும், பின்னால் மலையும், மழைக்காலத்தில் அதில் இறங்கும் வெள்ளைக் கோடுகளும் எங்களுக்கு என்றைக்கும் இருப்பதுதான். சனி, ஞாயிறு ஆனால் கார்கள் வரிசை கட்டின. சாகுல் பெஞ்சுகளை மாற்றினான். நல்ல கரண்ட் இருக்கிற கடையில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டான். எவர்சில்வர் தம்ளர் போய் மண் கோப்பை வந்தது. வழக்கமான சாப்பாட்டுக்குக் 'கிராமத்துச் சாப்பாடு' என்று பெயர் வைத்து முந்நூற்று இருபது ரூபாய் போட்டான். எங்களுக்குப் பழைய விலைதான். நாங்கள் சிரித்தோம். வெளியூர்க்காரன்தானே கொடுக்கிறான் என்று எனக்கு உள்ளூரக் குஷிகூட. என் புத்தியை எதால் அடிப்பது!

அந்த வருஷம் மகளுக்குப் பொள்ளாச்சியில் மாப்பிள்ளை அமைந்தது. சம்பந்தி வீட்டார் நாலு பேர் வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தங்கை போனை நீட்டி, "இந்தக் கடை உங்க ஊர்லதானுங்களே? அங்கயே சாப்புடலாமுங்க" என்றாள். சாகுல் கடை! எனக்குத் தலைகால் புரியவில்லை. "அது நம்ம கடைங்க. வெளிய போட்டிருக்கற வெலையெல்லாம் நமக்கு இல்லீங்க" என்று அளந்தேன். மனைவி ஜாடையாக என் சட்டைப் பையைப் பார்த்தாள். ஆயிரத்து ஐந்நூறு இருந்தது. நம்மூரு ஏழு என்றால் தாராளமாகப் போதும். போனில் பணம் அனுப்புகிற வித்தை எனக்கு அப்போது தெரியாது.

நன்றாகத்தான் சாப்பிட்டோம். சம்பந்தி இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கினார். கடைசியில் பழம்பொரியும் டீயும். நான் முன்னால் நடந்து கல்லாவுக்குப் போனேன். பின்னால் சம்பந்தி. சாகுல் என்னைப் பார்த்தான். பார்த்தான், அதில் சந்தேகமே இல்லை. பிறகு குனிந்து மிஷினைத் தட்டினான். சீட்டு வந்தது. இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து. நான் சீட்டைப் பார்க்காமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். "சாகுல்" என்றேன். "கார்டா, காசா?" என்று கேட்டான். அதையும் மலையாளத்தில் கேட்டான். முப்பது வருஷத்தில் என்னிடம் அவன் மலையாளம் பேசியதே இல்லை. பையிலிருந்த நோட்டுகளை எடுத்து எண்ணுகிற மாதிரி நடித்தேன். எத்தனை முறை எண்ணினால் அது வளரும்? சம்பந்தி புரிந்துகொண்டார். நல்ல மனுஷர். "இருக்கட்டுங்க, ஒரே குடும்பமாயாச்சு" என்று போனை எடுத்துக் காட்டிவிட்டார். மாப்பிள்ளையின் தங்கை வெளியே அரிக்கேன் விளக்கைப் படம் எடுக்கப் போய்விட்டாள். மகள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை கடை திறந்ததும் போய் நின்றேன். "ஏண்டா இப்படிப் பண்ணினே?"

அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சிலிண்டர் என்ன வெல தெரியுமா பங்காளி? கட்டட வாடகை என்ன தெரியுமா? நம்மூரு நம்மூருன்னு கத்திட்டே இருந்தா நான் கடையப் பூட்டிப்போட்டுப் போகணும். அதெல்லாம் நிறுத்தியாச்சு."

"நிறுத்து. வேண்டாம்னு சொன்னனா? எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல? சம்பந்தி முன்னால என்னெ இப்படி..."

"ஏழு பேரக் கூட்டிட்டு வந்தியே, நீ ஒரு வார்த்த கேட்டியா?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அளந்தது நான்தானே என்று தோன்றியது. எல்லாருக்கும் நிறுத்திவிட்டான் என்றால் அதில் கோபப்பட என்ன இருக்கிறது? பத்து நாளில் மனசு ஆறிவிட்டது. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் மூலையில் மஞ்சள் தடவி, முதல் பத்தில் ஒன்றாக அவன் பேரை எழுதினேன். மனைவி உதட்டைச் சுழித்தாள். "நீங்க திருந்தவே மாட்டீங்க" என்றாள். தட்டில் பழம், வெற்றிலை பாக்கோடு போனேன்.

கடையில் நல்ல கூட்டம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கல்லாவில் மூன்று இளைஞர்கள் நின்றார்கள், ஒருவன் கையில் கேமரா மாட்டிய குச்சி. திரிச்சூர்க்காரர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. கடையைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் போலிருக்கிறது. ஒருவன் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினான். சாகுல் அதை அவன் பைக்குள்ளேயே திணித்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சத்தம் கொடுத்தான்.

"நம்மூரு மூணு!"

கேமராக்காரன் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னான். சாகுல் கையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு முறை சொன்னான்.

கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். வழக்கத்தை நிறுத்தியிருந்தால் என்னால் தாங்க முடிந்திருக்கும். அவன் நிறுத்தியது வழக்கத்தை இல்லை. என்னை.

கல்யாணத்துக்கு ரோடு முழுக்க வந்தது, எதிர்க்கடைக்காரர்கூட வந்தார். அவன் வரவில்லை. அழைக்காமல் எப்படி வருவான்? மண்டபத்து வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டே, வந்துவிடுவானோ என்று பயந்தேன். வரமாட்டானா என்றும் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டும்தான்.

இதெல்லாம் ஆகி மூன்று வருஷம். அந்த ரோட்டில் இன்று எந்தக் கடையிலும் யாரும் யாருக்காகவும் சத்தம் கொடுப்பதில்லை. மிஷின் சீட்டைத் துப்புகிறது, நாம் கொடுத்துவிட்டு வருகிறோம். என் ரேஷன் கார்டு கொல்லங்கோட்டில், ஓட்டு கொல்லங்கோட்டில், வீட்டு வரி கட்டுவதும் அங்கேதான். பசித்து ஒரு கடைக்குள் நுழையும்போது மட்டும் நான் வெளியூர்.