அலுமாரிக்குள் போன சீனி

பிறரைச் சாப்பிட வைப்பதுதான் என் தொழில். வாயைத் திறக்க மறுக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், என் பாடு பாதி புரியும். கண்டியில் ஒரு புற்றுநோய்ப் பிரிவில் போசணை ஆலோசகராக இருக்கிறேன். நானோ பஸ்ஸில் இறங்குமிடம் சொல்லவே கூச்சப்படுகிறவள்.

பூட்டு

புசல்லாவையிலிருந்து வரும் செல்லையா அண்ணனுக்கு நாக்கில் புற்றுநோய். கதிர்ச் சிகிச்சை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஆள் பாதியாகிவிட்டார். விசாரித்தால், அவர் மனைவி புஷ்பம் அக்கா போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். புற்றுநோய்க் கலம், அதாவது செல், சீனியைத்தான் தின்னுமாம். அன்றே சீனிப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சோற்றையும் குறைத்துவிட்டார். உள்ளங்கைச் சீனியை நக்கியபடி பிளேன்டீ குடித்துப் பழகிய மனிதருக்கு வெறும் சாயத்தண்ணீர்.

"அதப் பட்டினி போட்டே கொல்லப் போறேன் மிஸ். இவரு கொஞ்சம் பொறுத்துக்கிட்டா போதும்."

யாருக்குப் பட்டினி

வீடியோவில் பாதி உண்மை. அந்தக் கலங்கள் மற்றக் கலங்களைவிட அதிகமாகச் சீனியை இழுக்கும். அரைகுறையாக எரித்துவிட்டு இன்னும் கேட்கும். ஆனால் நாம் கொடுக்காவிட்டாலும், உடம்பு தன் தசையைக் கரைத்தாவது இரத்தத்தில் சீனியை வைத்திருக்கும். பட்டினி அண்ணனுக்கு மட்டும்தான். இதை மேசையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். புண்ணான நாக்கை மெல்ல அசைத்து அண்ணன் சொன்னார்:

"பசிக்குதுன்னு நானுந்தான் சொன்னேன். நம்ம பேச்ச யாரு கேக்குறா?"

முகமூடி

கதிர் படும்போது தலை அசையாதிருக்க, முகத்தில் அச்செடுத்துச் செய்த வலை முகமூடியை மாட்டி மேசையோடு பூட்டுவார்கள். அண்ணன் மெலிந்ததில் அது தளர்ந்துவிட்டது. இன்னும் மெலிந்தால் சிகிச்சையை நிறுத்திப் புது அச்செடுக்க வேண்டும். அந்த இடைவெளி நோய்க்குத்தான் வசதி. ஒரு வாரம் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அக்கா களத்தில் இறங்கினார். தேங்காய்ப்பால் கஞ்சி, அவித்த முட்டை மசியல், நெய் விட்ட பருப்பு. வலி மருந்தைக் குடித்துவிட்டு, கண்ணில் நீர் வழிய அண்ணன் விழுங்கினார். அடுத்த வாரம் முகமூடியை மாட்டிய கதிர்ப் பிரிவு ஊழியர் நஸீர் நானா, கன்னத்தோரம் விரலை விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இதோட நிப்பாட்டுங்க புள்ள. இன்னும் கொழுத்தா முகமூடி பூட்ட ஏலாது."

பரிசோதனை நாள்

சிகிச்சை முடிந்து சில மாதங்களின்பின் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி தெரியவில்லை என்றார் டாக்டர். அண்ணன் நேரே என் அறைக்கு வந்து, கேட்காமலே தராசில் ஏறி நின்று சிரித்தார். அக்கா மட்டும் தராசுப் பக்கமே வரவில்லை.

"எனக்குத்தான் மிஸ் இப்ப சட்ட ஒண்ணும் பத்தல. இவரு மிச்சம் வச்சதெல்லாம் பின்ன யாரு தின்னது?"

ஒருவரைத் தேற்றி அனுப்பினால் கூட வந்தவரை இளைக்க வைக்க வேண்டியிருப்பதால், எங்கள் வேலைக்கு மட்டும் ஒருநாளும் பட்டினி கிடையாது.