பாதிக் கடை

ஜொகூர் பாருவில், சிங்கப்பூர் எல்லைச் சோதனைச் சாவடிக்குப் பக்கத்துத் தெருவில் சேலைக்கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் கழுத்தைத்தான் பார்ப்பார்கள், எவ்வளவு நகை கிடக்கிறதென்று. வார இறுதியானால் சிங்கப்பூர்க்காரர்கள் பாலத்தைத் தாண்டிக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், அவர்கள் நாட்டு ஒரு வெள்ளி இங்கே நம் பணத்தில் மூன்று வெள்ளிக்கு மேல், உனக்கென்ன குறை என்பார்கள்.

கூட்டம் வருவது உண்மைதான். அதில் பாதிப் பேர் என் கடைக்குள் வருவது வெயிலுக்கு ஒதுங்க. ஏர்கோன் குளிர்காற்றுக்கு நேராக நின்றுகொண்டு முந்தானையை விரித்துப் பார்ப்பார்கள். பிறகு கைபேசியில் அதே சேலையைத் தேடி எடுத்து, "அக்கா, ஆன்லைன்ல இத விட சீப்பா இருக்கே" என்று என்னிடமே காட்டுவார்கள். நானும் சிரித்தபடி விலையைக் குறைப்பேன். விற்ற காசில் பெரும்பகுதி சரக்கு வாங்கிய இடத்துக்கே போய்விடும். மீதியை வாடகையும் கரண்டு பில்லும் சம்பளமும் தின்றுவிடும். கார்டு தேய்த்தால் அதற்கும் ஒரு பிடித்தம். நாள் முழுக்க நின்று விற்ற சேலைகளில் எனக்கென்று மிஞ்சியது எத்தனை என்று யோசிப்பதையே ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் கடைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான சீனப் பெரியவர் காலமானார். தவுக்கே, அதாவது முதலாளி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். கட்டடம் அவர் மகன் கைக்குப் போனது. மரியாதையான பையன்தான். ஒரு நாள் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து உட்கார்ந்து, மலாயில் பேச்சை ஆரம்பித்தான். சிங்கப்பூரிலிருந்து ரயில் வரப்போகிறது, கூட்டம் இரண்டு மடங்கு ஆகும், அதனால் அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை கூடும் என்றான். கூட்டம் வந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்டேன். அவனுக்கும் வங்கிக் கடன் இருக்கிறதாம். பழங்களை வைத்துவிட்டுப் போனான்.

ரயிலுக்கு முன்னால் வாடகை வந்துவிட்டது. அதைக் கட்ட என் கணவரின் சம்பளத்தில் கை வைத்தேன். அவர் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்து நெரிசலில் நிற்பார். அந்தக் காசு எனக்கு வந்து, என்னிடமிருந்து தவுக்கே மகனுக்குப் போனது. அடுத்த மாதமும் அப்படியே.

"கடைய மூடிடு லா," என்றார் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே. கோபமெல்லாம் இல்லை. "நான் அங்க மூட்ட தூக்குறது நம்ம வீட்டுக்கா, அந்தக் கடைக்கா?"

"தீபாவளி வரைக்கும் பார்ப்போம்," என்றேன்.

"போன வருஷமும் இதான் சொன்ன."

நான் குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு பேருக்குமே சண்டை போடத் தெம்பில்லை.

பக்கத்துக் கடை ஒரு தமிழ் முஸ்லிம் பெண்ணுடையது. என்னைவிட இளையவள். துடோங் என்கிற முக்காடு, பாஜு கூரோங் என்கிற மலாய் உடைக்கான துணி எல்லாம் விற்பாள். ஒரு தீபாவளிக்கு அவள் வாசலில் பாவாடை சட்டைகளைத் தொங்கவிட்டாள். பதிலுக்கு நான் நோன்புப் பெருநாளுக்கு துடோங் வாங்கி அடுக்கினேன். அதிலிருந்து பார்த்தால் தலையசைப்பதோடு சரி.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் ஏர்கோன் நின்றுபோனது. உள்ளே நின்றிருந்த கூட்டம் சேலைகளை அப்படியே மேசையில் போட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்கு நகர்ந்தது. பழுது பார்க்க வந்தவர் கேட்ட காசுக்கு என்னிடம் வழியில்லை. வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் ஐஸ் தேத்தண்ணி இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, தவுக்கே மகன் உங்களுக்கும் வாடகைய ஏத்திட்டானா?"

"ஏத்திட்டான்."

"என் கடையில நிக்கிற கூட்டத்த பார்த்து வயிறு எரியாதீங்க. ஒருத்தியும் வாங்கல. எல்லாம் காத்து வாங்க வந்தவங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்து அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே அவளுக்கும் கருவளையம் விழுந்திருந்தது. தேத்தண்ணியை உறிஞ்சியபடி, "நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள். "ரெண்டு பேரும் என் கடையிலயே உக்காந்தா என்னா? ஒரு வாடக, ஒரு ஏர்கோன். இடது பக்கம் நீங்க, வலது பக்கம் நான்."

அன்று சரியென்று சொல்லவில்லை. இரண்டு வாரம் மனம் ஒப்பவில்லை. கடை திறக்கும்போதெல்லாம் என் பெயர்ப்பலகையை நின்று பார்த்தேன், அதைக் கழற்ற வேண்டுமே என்று. ஆனால் அடுத்த வாடகைத் தேதி நெருங்கியபோது நானே அவளிடம் போனேன்.

கஷ்டமானது சாமான் மாற்றுவதல்ல. என் கடையில் தம்போயிலிருந்து பஸ்ஸில் வந்து வேலை செய்த ஓர் அம்மா இருந்தார். பல தீபாவளிகளுக்கு என்னோடு நின்றவர், எனக்குக் காய்ச்சல் என்றால் கடையைத் தனியே பார்த்துக்கொண்டவர். பாதிக் கடைக்கு ஆள் வைக்க முடியாது. பக்கத்துக் கடைக்காரியும் தன் ஆளை நிறுத்தினாள். நான் வார்த்தை தேடித் தேடிச் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா சேலையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"இந்த மாச சம்பளம் முழுசா தருவீங்கல்ல?"

"அடுத்த மாசத்துக்கும் சேர்த்துத் தரேன்."

"அது போதும்," என்றார். மடித்த சேலையைத் தட்டில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். இப்போது அவர் ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலை பார்க்கிறார் என்று கேள்வி. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பதோடு சரி.

பாதிக் கடை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆள் இல்லாததால் இரண்டு பேரும் காலையிலிருந்து நிற்கிறோம், சாயங்காலத்தில் கணுக்கால் வீங்கிவிடுகிறது. அவள் தொழப் போகும்போது நான் துடோங் விற்கிறேன். நான் சாப்பிடப் போனால் அவள் பட்டுக்கும் பாலியெஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாமல் விலை சொல்லிவிட்டு என்னிடம் திட்டு வாங்குகிறாள். அவள் வானொலியைச் சத்தமாக வைப்பாள், நான் குறைப்பேன். லாபம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கையைக் கடிப்பது நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதக் கடைசியில் என் கணவர் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இந்த மாசம் உங்க சம்பளத்துல கை வைக்கல," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

"அப்போ மோட்டாருக்கு டயர் மாத்திடலாம்," என்றார். "மழையில ரொம்ப வழுக்குது."

இத்தனை நாள் அதை என்னிடம் சொன்னதே இல்லை. நான் அவருக்குச் சோறு போட எழுந்து போனேன்.