பத்து செகண்டில் அடங்காத எண்

என் பெண்டாட்டிக்கு வானொலி நிலையத்தில் 'பத்து செகண்டு' என்று பேர். சோப்பு, பற்பொடி, பிஸ்கட் என்று எந்த விளம்பரமானாலும் பத்தே செகண்டில் பாடி முடித்துவிடுவாள். வீட்டில் என்னைத் திட்ட ஆரம்பித்தால் மட்டும் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

பிறகு ஒவ்வொரு கம்பெனியாகப் பாட்டைக் கைவிட்டது. "பேசினாலே போதும்" என்றார்கள். யாரோ ஒருவன் மூச்சுவிடாமல் கத்தினான், அதற்குப் பேர் விளம்பரமாம்! கடைசியில் மிஞ்சியது குடைக்கடைப் பாட்டு ஒன்றுதான். இரண்டு வரி, கடைப் பேர், ஐந்து இலக்கத் தொலைபேசி எண். இருபத்திரண்டு வருஷமாக மழைக்காலம்தோறும் ஒலித்தது.

அந்த வருஷம் ஊர் முழுக்கத் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் கூடிவிட்டது. குடைக்கடைக்காரர் வீட்டுக்கே வந்தார்.

"அக்கா, பத்து செகண்டுக்குள்ள அடங்கிட்டா பாட்டு இருக்கும். இல்லன்னா அறிவிப்பாளரை வாசிக்கச் சொல்லிடறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

அடுப்படியில் அவள் பாட, நான் கைக்கடிகாரமும் கையுமாக நின்றேன். பதினொன்று. மறுபடியும் பதினொன்று. மூச்சு வாங்க இருந்த இடத்தைப் புது இலக்கம் பிடித்துக்கொண்டது. இருமல் வேறு வந்துவிட்டது.

"அறுபது வயசுல இதெல்லாம் தேவையா உனக்கு?" என்று கத்தினேன்.

"இதுவும் போயிட்டா எனக்கு என்னங்க இருக்கு?"

நான் மறுபடியும் கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தேன்.

ஒலிப்பதிவுக்கு நானும் போனேன். மூன்றாவது தடவை சரியாகப் பத்து செகண்டு! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குடைக்கடைக்காரர் கைதட்டினார். எனக்கு உயிர் வந்தது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. போட்டுக் காட்டச் சொன்னாள். இரண்டு தடவை கேட்டாள்.

"வேண்டாம் தம்பி. எனக்கு மூச்சு முட்டறது கேக்குது. கேக்கறவங்களைத் துரத்தற மாதிரி இருக்கு. வாசிக்கவே சொல்லிடுங்க."

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ம்ஹூம், மசியவில்லை. எனக்கு வந்ததே கோபம்! பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பொரிந்து தள்ளினேன். "அவரே நல்லாயிருக்குன்னு சொல்றாரு, உனக்கென்ன கேடு?" அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். நானும் விடாமல் திட்டிக்கொண்டே வந்தேன், பாவி.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம் என் தையல் கடையில் ஒருவர் வந்து ஒதுங்கினார்.

"குடைக்கடை நம்பர் தெரியுமா சார்? ரேடியோல வாசிச்சாங்க, மனசுல நிக்கல."

சொல்லப் பார்த்தேன், வரவில்லை. அவள் மெட்டில் பாடினால்தான் வந்தது. என் கரகரத்த குரலில் ஆறு இலக்கத்தையும் பாடினேன்.

"அட, அந்தப் பாட்டு! நல்லாப் பாடுவாங்களே அந்தம்மா. ஏன் சார் நிறுத்திட்டாங்க?"

கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"யாரும் நிறுத்தல சார். அவளேதான் வேண்டாம்னுட்டா" என்றேன்.