கடல்வாசல் பாட்டு

போர்த்தமாரா துறைமுகத்தில் கத்தால்தோவைப் பாடகன் என்று யாரும் சொல்வதில்லை. "மிலானோ போய் வந்தவன்" என்பார்கள். அந்தப் பெருநகரத்துக்குப் போனான், சொந்தமாகப் பாட்டுக் கட்டி இரண்டு இசைத்தட்டு போட்டான், ஒரே ஒரு பாட்டு ஒரு கோடைகாலம் முழுக்க வானொலியில் ஓடியது. அப்புறம் ஒருத்தரும் சீந்தவில்லை. திரும்பி வந்து மீன் ஏலக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான்.

ஓடிய பாட்டு ஊர் மதிலில் கடலைப் பார்த்திருக்கும் கடல்வாசலைப் பற்றியது. முன்னொரு காலத்தில் கொள்ளைக் கப்பல்கள் வந்தபோது பெண்கள் பயந்துபோய் மதில்கதவை உள்ளே தாழிட்டார்களாம், ஆண்கள் வெளியே மாட்டிக்கொண்டார்களாம். பாட்டில் ஒருவன் கதவைத் தட்டித் தட்டி அழுகிறான், உள்ளே இருப்பவள் திறக்கவே இல்லை. அவள் பால்மாதான் என்பது ஊரறிந்த விஷயம். கூத்தைப் பாருங்கள்! காதலித்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரயிலேறியவன் இவன். பால்மா காத்திருந்து பார்த்துவிட்டு ஒரு படகுக்காரரைக் கட்டிக்கொண்டாள். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இத்தனை வருஷமாக அந்தப் பாட்டைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. அவள் மனசில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே செத்துவிடுவோமோ என்று கத்தால்தோ ஏங்கினான்.

பால்மாவின் மகள் இலேனியாவுக்குக் கல்யாணம் வந்தது. ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை பாட்டுக்காரர்களோடு பெண்ணின் ஜன்னலடியில் நிற்க வேண்டும். மூன்று பாட்டுக்குள் அவள் விளக்கைப் போட்டு ஜன்னலைத் திறந்தால் சம்மதம்.

"மாமா, மூணாவது உங்க பாட்டுதான்" என்றான் மாப்பிள்ளை தொனாத்தோ, கத்தால்தோவிடம்.

"கல்யாண வீட்டுல கதவு தெறக்காத பாட்டா? வெளங்கிடும்!" என்றான் அக்கார்டியன் வாசிக்கும் பினூச்சோ. "பால்மா நம்ம தலையில தண்ணி ஊத்தப் போறா. துண்டு எடுத்துக்கிட்டு வாடா."

மூன்றாவது பாட்டின்போது கத்தால்தோ மணப்பெண்ணின் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. அவன் கண் கீழே பால்மாவின் அடுக்களை ஜன்னலில் இருந்தது. உச்சத்தில் குரல் கிறீச்சிட்டது, தெரு சிரித்தது. அதற்குள் மேலே விளக்கெரிந்து ஜன்னல் திறந்துகொள்ள, ஒரே ஆரவாரம். அடுக்களை ஜன்னல் மூடியே கிடந்தது.

பாட்டுக்காரர்களுக்குப் பெண்ணைப் பெற்றவள்தான் பரிமாற வேண்டும். பால்மா ஒரு கையில் முறுக்கு மாதிரியான ரொட்டி வளையங்கள் வைத்த கூடையும் மறு கையில் வைனுமாக வந்து நின்றாள். இனியும் பொறுக்க முடியாது என்று கத்தால்தோவுக்குத் தோன்றியது.

"பால்மா, அந்தப் பாட்டப் பத்தி ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"மெட்டு நல்லாருக்கு. சமைக்கிறப்ப நானே முணுமுணுப்பேன். கததான் பொய்."

"ஊரே சொல்ற கதையாச்சே!"

"ஊருன்னா யாரு, ஆம்பளைங்கதான? கப்பலப் பாத்ததும் அவங்க படக எடுத்துக்கிட்டு ஓடிட்டாங்கன்னு எங்க வீட்டுப் பொம்பளைங்க சொல்லுவாங்க. யாரும் வந்து கதவத் தட்டல, கத்தால்தோ. தட்டியிருந்தா தெறந்திருப்பாங்க."

இப்போது தட்டினால் திறப்பாயா என்ற கேள்வி அவன் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவளும் கூடையை நீட்டியபடி நின்றுகொண்டுதான் இருந்தாள். கேட்கவில்லையே, பாவி மனுஷன்! குனிந்து ஒரு ரொட்டி வளையத்தை எடுத்துக்கொண்டான். பால்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பினூச்சோவுக்கு வைன் ஊற்றப் போனாள்.