நன்றிப் பூசைக்குக் கொடுத்த பெயர்

ஜஸ்டஸுக்கு வயது நாற்பத்தெட்டு. முப்பது வருஷம் கடலில் போயிற்று. அதில் பதினான்கு வளைகுடாவில், ஓர் அரபியின் விசைப்படகுக்கு டிரைவராக. எதற்கும் அஞ்சாத ஆள் என்று ஊர் சொல்லும். ஊர் சொன்னது சரிதான். முத்திரை குத்திய அரசாங்கக் காகிதத்துக்கு மட்டும் அஞ்சுவார்; அது கணக்கில் வராது.

போன ஐப்பசியில், வளைகுடாக் கடலில், கவிழ்ந்த தோணியைப் பிடித்தபடி ஒருவன் மிதந்தான். தண்ணீரில் கிடப்பவனிடம் விசாரணை நடத்துகிற பழக்கம் நம் கரையில் கிடையாது. தூக்கினார். தன் சட்டையைப் போட்டுவிட்டு, பால் விடாத கட்டன்சாயா கொடுத்து, அவன் கைகாட்டிய எதிர்க்கரை நாட்டில் இறக்கிவிட்டார். பெயரை மட்டும் கேட்டுக்கொண்டார், நன்றிப் பூசைக்காக. மீண்டவன் பெயரைச் சொல்லிப் பூசை வைப்பது முறை. ஊரில் மனைவி வியாகுலம்மாள் அந்தப் பெயரை மாதா கோயிலில் கொடுத்தாள். உபதேசியார் இரண்டு பெயரையும் சேர்த்தே வாசித்தார்: காப்பாற்றியவர், காப்பாற்றப்பட்டவர்.

ஜஸ்டஸ் லீவில் வந்த வாரம், டிவியில் அதே முகம். எண்ணெய்க் கிடங்குக்குக் குண்டு வைத்த பயங்கரவாதி, ஒப்படை என்றது அரபியின் நாடு. விடுதலைப் போராளி, தரமாட்டோம் என்றது எதிர்க்கரை. ஒரே கடலுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிற அண்டை நாடுகள், ஒரு மனிதனுக்கு இரண்டு பெயர் வைப்பதில் வியப்பில்லை. உதவியவர்களையும் விடமாட்டோம் என்று அரபி நாடு சேர்த்துச் சொன்னதும், ஜஸ்டஸ் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மனைவியிடம் திரும்பினார்.

"ஏட்டி, அந்தப் பேரை என்னத்துக்குக் குடுத்த?"

"நீங்கதான போன்ல சொன்னிய?"

"பூசைக்குச் சொன்னேன். யூடியூபுக்கா சொன்னேன்?"

"பூசையே யூடியூப்லதான போவுது!"

மூன்றாம் நாள் காலை வாசலில் பைக் நின்றது. ஏட்டு தேவகுமார்.

"பேடிக்காதீரும், பயப்பட ஒண்ணுமில்ல. அரபி நாட்டுக்காரன் உம்மைக் கேட்டு எழுதியிருக்கான். எதிர்க்கரைக்காரனும் எழுதியிருக்கான்."

"அவன் என்னத்துக்கு?"

"பதக்கம் தரணுமாம்."

ஜஸ்டஸுக்கு இரண்டாவது கடிதத்துக்குத்தான் அதிகம் வேர்த்தது. பதக்கம் வந்தால், அவனுக்கு உதவினார் என்கிற முதல் கடிதத்துக்கு வேறு சாட்சி வேண்டாமே.

"நம்ம ஆளுவ என்னை ஒப்படைச்சிருவாவளா, ஏட்டையா?"

"உம்ம வாக்குமூலத்தைப் பொறுத்து. அவன் யாருன்னு தெரிஞ்சிருந்தா தூக்கியிருப்பீரா? இல்லைன்னு ஒத்தை வரி. நான் போயிட்டே இருப்பேன்."

இல்லை. அவ்வளவுதான். ஜஸ்டஸ் வாயைத் திறந்தார். சொல்லியும் இருப்பார். அதற்குள் சாயா டம்ளரோடு வியாகுலம்மாள் வந்துவிட்டாள்.

"நல்ல கேள்வி சார்! கடல்ல ஆளை விட்டுட்டு வந்தா இந்த வீட்டுல சோறு உண்டா? தூக்கியிருப்பாவ."

ஏட்டு பேனாவை நிறுத்தி ஜஸ்டஸைப் பார்த்தார். "அப்படியே எழுதவா?"

மறுக்க இன்னும் நேரமிருந்தது. மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதும்" என்றார்.

ஏட்டு எழுதினார். ஜஸ்டஸ் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.