எண்பத்தெட்டுக் கட்டைகளுக்கு எண்ணெய்

என்னைப் போன்ற அறிவாளி தர்மபுரி மாவட்டத்தில் இன்னொருவன் இருந்தால் கூட்டிவாருங்கள், கை குலுக்குகிறேன். ஒரு பியானோவின் எண்பத்தெட்டுக் கட்டைகளுக்கும் ஒன்றுவிடாமல் தையல் மிஷின் எண்ணெய் விட்டவன் நான். அப்போது எனக்குப் பதினோரு வயது. யார் கண்ணிலும் படாமல், தரையில் ஒரு சொட்டு சிந்தாமல் செய்து முடித்தேன். அத்தனை பொறுப்பாக அதற்குப் பிறகு நான் எந்த வேலையையும் செய்ததில்லை என்று என் மேலாளரைக் கேட்டால் சொல்வார்.

பியானோ அக்காவுடையது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். தர்மபுரியில் அவள் படித்த பள்ளியில் பாட்டு டீச்சர் ஒருவர் பியானோ சொல்லிக்கொடுத்தார். அவர் பிறகு பெங்களூரில் ஒரு இசைப்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே வைக்கும் தேர்வில் தேறினால் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் தங்க இடமும் உண்டு என்று அக்காவுக்குத் தகவல் சொன்னவரும் அவர்தான். அப்பா யோசித்து ஒரு கணக்குப் போட்டார். ஒரு வருஷம் பழகு. தேறினால் பெங்களூர், தேறாவிட்டால் கம்பைநல்லூர் மாப்பிள்ளை. அக்கா சரி என்றாள். அந்த வருஷம் முழுக்க அவளுடைய உயிர் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

பெட்டி என்றால் சாதாரணப் பெட்டியல்ல. ஸ்டேஜ் பியானோ என்பார்கள். கரெண்டில் ஓடுவது, ஆனால் கட்டைகள் நிஜப் பியானோவைப் போலவே அழுத்தக் கனமாக இருக்கும். பெங்களூருக்குத் தக்காளி லோடு ஏற்றிப்போன வண்டியில், திரும்பும்போது காலிக் கிரேட்டுகளுக்கு நடுவே படுக்கவைத்து அப்பா அதைக் கொண்டுவந்தார். யாரோ ஒரு கச்சேரிக்காரர் வைத்திருந்த பழையது. மூன்று பேர் பிடித்து இறக்கினார்கள். கடலை மூட்டையாவது முதுகுக்குத் தகுந்தபடி வளைந்துகொடுக்கும், இது எந்தப் பக்கம் பிடித்தாலும் இடிக்கிறது என்று அப்பா முனகினார். ஸ்டாண்டு கிடையாது. தக்காளிக் கிரேட்டுகளை இரண்டு பக்கமும் அடுக்கி அதன்மேல் வைத்தோம். காலால் அழுத்தும் பெடல் சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடியதால் அடியில் ஒரு சாக்கு விரித்தோம். சுவிட்சைப் போட்டு அக்கா ஒரு கட்டையை அழுத்தினாள்.

சத்தம் வரவில்லை.

ஏமாற்றிவிட்டார்கள் என்று அப்பா அப்போதே வண்டியைத் திருப்பக் கிளம்பினார். மேடையில் வாசிக்கிற பியானோவுக்குள் ஸ்பீக்கர் இருக்காது, மைக்செட்காரர் வைத்திருக்கிற மாதிரி தனியாக ஒரு ஆம்ப்ளிஃபையர் வேண்டும், இல்லாவிட்டால் ஹெட்போனில் கேட்கலாம் என்று அக்கா விளக்கினாள். கச்சேரிக்காரர் நல்ல மனுஷன், ஒரு ஹெட்போனையும் சேர்த்தே கொடுத்திருந்தார். அம்மாவுக்கு ஏக சந்தோஷம். வயசுப் பெண் வாசிப்பது ஊருக்கே ஏன் கேட்கவேண்டும், இதுவே நல்லதாகப் போயிற்று என்று ஆம்ப்ளிஃபையர் பேச்சை அதோடு முடித்துவைத்தாள்.

ஆக, அக்கா சாயங்காலம் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிப்பாள். எங்களுக்குக் கேட்பதெல்லாம் கட்டைகள் உள்ளே போய் இடிக்கும் டொக் டொக் மட்டும்தான். வேகமான டொக் டொக், மெதுவான டொக்... டொக். பக்கத்துக் காட்டுக்காரர் வூட்டம்மா அது என்ன சத்தம் என்று கேட்டபோது, பெண் டைப்ரைட்டிங் பழகுகிறாள் என்று அம்மா சொன்னாள். அந்தம்மா மெச்சிக்கொண்டு போனார். அரசாங்க வேலைக்கு உதவும் அல்லவா.

இனி என் பங்குக்கு வருகிறேன். பள்ளி ஆண்டு விழாவில் நான் கீபோர்டில் ஒரு சினிமாப் பாட்டு வாசிக்கப்போகிறேன் என்று வகுப்பு முழுக்க அளந்துவிட்டிருந்தேன். அக்கா வெளியே போகும் நேரங்களில் போய் உட்கார்ந்து பழகுவேன். நாலு வரி தட்டுவதற்குள் விரல் நோகும். கட்டை ஏன் இவ்வளவு இறுக்கம் என்று அக்காவைக் கேட்டேன். உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சின்னச் சுத்தி இருக்கிறது, நிஜப் பியானோவில் கை பழகவேண்டும் என்றுதான் கனம் வைத்திருக்கிறார்கள் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பழசைத் தலையில் கட்டியவன் சொன்ன கதையைப் படித்த பெண் நம்புகிறாளே. துருப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அம்மாவின் தையல் மிஷின் இறுகினால் என்ன செய்கிறோம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் காட்டில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தபோது, நீள மூக்கு வைத்த எண்ணெய் டப்பாவை எடுத்து, இடது கோடியிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு இடுக்கிலும் இரண்டு சொட்டு. இடது பக்கம் கனம் அதிகம் என்பதால் அங்கே மட்டும் நாலு சொட்டு. துணியால் துடைத்து, டப்பாவை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாகக் காட்டுக்குப் போனேன்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் டொக் டொக் பாதியில் நின்றது. அக்கா ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தாள், மறுபடி மாட்டினாள். ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே போனாள். பிறகு விரலை மூக்கருகே கொண்டுபோனாள். என்னைக் கூப்பிட்டாள்.

“இதுல ஏதாச்சும் பண்ணுனியாடா?”

அம்மா சத்தியமாக இல்லை என்றேன். பழசு அல்லவா, எண்ணெய் கசியுமாக இருக்கும் என்று என் பங்குக்கு ஒரு கருத்தும் சொன்னேன். அக்கா விரலைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அப்பா லோடு கட்டிக்கொண்டிருந்தார். பாதிக் கட்டைகள் ஊமையாகிவிட்டன, மீதி எப்படித் தொட்டாலும் கத்துகின்றன, பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்க்கவேண்டும் என்று அக்கா அவரிடம் சொன்னாள். அப்பா வந்து நின்று, எங்கே வாசி பார்க்கலாம் என்றார். அவள் வாசித்தாள். டொக் டொக் டொக்.

“சத்தம் நல்லாத்தானம்மா வருது?” என்றார் அப்பா.

அவள் ஹெட்போனை எடுத்து நீட்டினாள். அப்பா கையிலிருந்த கயிற்றைக் காட்டி, வந்து பார்க்கிறேன் என்று போனார். வந்தபோது மறந்திருந்தார். அக்கா மறுபடி கேட்கவில்லை.

அவள் வாசிப்பதையும் நிறுத்தவில்லை. தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. தினமும் அதே நேரத்துக்கு அதே டொக் டொக். எண்ணெய் ஊறி எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்குள் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் அவள் மும்முரமாக வாசித்துக்கொண்டிருக்கும்போது பார்த்தேன், சுவரில் பிளக்கே செருகவில்லை; வயர் கீழே கிடந்தது. இவ்வளவு மறதியா என்று நானே போய்ச் செருகி சுவிட்சைப் போட்டேன். அக்கா திடுக்கிட்டு ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். பிறகு எழுந்துவந்து, பிளக்கை உருவிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கரெண்டை மிச்சம் பிடிக்கிறாள் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பொறுப்பு வந்துவிட்டது என்றாள் அம்மா.

தேர்வுக்கு அப்பா என்னையும் அழைத்துப்போனார். அக்காவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். எனக்குப் பசி. அப்பாவை இழுத்துக்கொண்டு கீழே ஓட்டலுக்குப் போய் மசால் தோசை தின்றேன், இன்னொன்றும் தின்றேன். திரும்பி வந்தபோது அக்கா படியில் நின்றிருந்தாள். சத்தமெல்லாம் நன்றாக வந்ததா என்று அப்பா விசாரித்தார்.

“ரொம்ப வந்துச்சுப்பா” என்றாள்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தேறவில்லை. அடியில் ஒரு குறிப்பு இருந்தது. நான் இங்கிலீஷ் மீடியம் என்பதால் அப்பா என்னைத்தான் படிக்கச் சொன்னார். விரல்களில் பிழையில்லை, ஆனால் வாசிப்பவர் தன் வாசிப்பைத் தானே காதில் வாங்குவதாகத் தெரியவில்லை என்பது அதன் பொருள். அக்காவுக்குக் காது சரியில்லையாம் என்று நான் மொழிபெயர்த்தேன். அம்மா வெலவெலத்துப் போனாள். கம்பைநல்லூர்க்காரர்களுக்குத் தெரிந்தால் என்னாவது? மறுநாளே தர்மபுரிக்கு அழைத்துப்போய்க் காது டாக்டரிடம் காட்டினார்கள். அக்கா மறுக்கவில்லை, இந்தச் சத்தம் கேட்கிறதா, அந்தச் சத்தம் கேட்கிறதா என்று அவர் கேட்டதற்கெல்லாம் கேட்கிறது, கேட்கிறது என்று தலையாட்டினாள். காது தங்கமாக இருக்கிறது என்றார் டாக்டர். ஆவணியில் கல்யாணம். சொன்னால் கேவலம், சாப்பாட்டுப் பந்தியில் நான்தான் முதல் ஆள்.

ஆண்டு விழாவில் நான் வாசிக்கவில்லை. அன்று எனக்குக் காய்ச்சல் வந்தது, வரவழைத்துக்கொண்டேன்.

பத்துப் பதினைந்து வருஷம் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் கம்பைநல்லூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். மாமா எதிரில் இருந்தார். என்னமோ தோன்றி, எண்ணெய் டப்பாக் கதையை ஆரம்பித்துவிட்டேன். நமக்குத் தெரிந்தது ஒரே வித்தைதானே: டப்பாவின் மூக்கை எப்படிப் பிடித்தேன், சத்தியம் செய்யும்போது மூஞ்சியை எப்படி வைத்துக்கொண்டேன் என்று நடித்தே காட்டினேன். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு இது எல்லாமே புதிது. அக்கா பியானோ வாசிப்பாள் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். அக்கா சிரிக்கவில்லை, உரிப்பதை நிறுத்தவுமில்லை. கடைசியில் நடிப்பை விட்டுவிட்டு, என்னால்தான் உன் பெங்களூர் போயிற்று, தப்புதான் அக்கா என்றேன்.

அவள் முறத்தை ஒருமுறை புடைத்துத் தொலியை ஊதிவிட்டுச் சொன்னாள்:

“அதுக்கு முன்னாடி பத்து மாசம் நல்லாத்தான இருந்துச்சு, அப்ப யார்ரா வந்து கேட்டீங்க?”