விளக்கு இறக்கிப் பார்த்தவர்

அண்ணனுக்கு இன்று முதலாம் ஆண்டுத் திதி. வந்திருந்து இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை நான் எழுதுகிறேன். அமைதியாக எழுதும்படி அண்ணி சொன்னார். முயன்று பார்த்தேன், முடியவில்லை. அண்ணன் கவனமில்லாமல் செத்தார் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. அது பச்சைப் பொய்.

அண்ணன் ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டையில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, எஸ்டேட்டில் காப்பிச் செடிக்குக் குழி வெட்டி எங்களை வளர்த்தார். எனக்குக் கல்யாணம் முடித்த பிறகுதான் தம் கல்யாணப் பேச்சை எடுக்கவே விட்டார். பின்னாளில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு இம்மலையில் பல ஊர்களில் கிணறு வெட்டினார். குடிப்பழக்கம் கிடையாது. கோபம் உண்டு, அதுவும் வேலையிடத்தில் மட்டும்.

பாழுங்கிணற்றில் தூர் வாரப் போனால் கயிற்றில் விளக்கைக் கட்டி உள்ளே இறக்குவார். அணைந்தால் கீழே கெட்ட காற்று என்று அர்த்தம், யாரையும் இறங்க விடமாட்டார். விளிம்பு சரியக்கூடும் என்று மற்றவர்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுத் தாம் மட்டும் நிற்பார். விளக்கு இறக்காமல் குதித்த என் கணவரை, மாப்பிள்ளை என்றும் பாராமல், மேலே இழுத்து ஓர் அறை விட்டார்.

சென்ற ஆண்டு, ஏற்காட்டுப் பாதையோரம் நெடுநாளாக மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்கில், மண்ணுக்கடியில் இருந்த டேங்கைத் தோண்டியெடுக்க அண்ணனைக் கூப்பிட்டார்கள். டேங்க் தெரியும்வரை தோண்டியாயிற்று. கிரேன் தூக்குவதற்கு முன் உள்ளே இறங்கிக் கசடை அள்ளவேண்டும் என்றார், அந்த வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர். வருஷக்கணக்காகப் பெட்ரோல் ஊற்றவில்லை, காலி டேங்க்தான் என்றும் சொன்னார். அண்ணனோடு எப்போதும் வேலை செய்யும் மாதையன், மூடியைத் திறந்து காலை உள்ளே விட்டார். அண்ணன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இருப்பா. வெளக்கு உட்டுப் பாத்துட்டு எறங்கலாம். எல்லாரும் மேல போங்க."

அண்ணனின் கடைசிப் பேச்சு இதுதான்.

விளக்கு உள்ளே போனதும் டேங்க் வெடித்தது. கிழிந்த இரும்பு அண்ணனின் மார்பைப் பிளந்தது. குழியின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து அவர்மேல் விழுந்தது. காதிலிருந்து ரத்தம் வழிய மாதையன் எரிகிற குழிக்குள் குதித்து, வெறுங்கையால் மண்ணைப் பறித்தார். எதிரே டீக்கடை வைத்திருக்கும் காதர் பாய் ஈரச்சாக்கோடு ஓடிவந்து தீயை அடித்தார். அண்ணனின் முகத்தை அண்ணிக்குக் காட்ட முடியவில்லை. கைவிரல்களைப் பார்த்துத்தான் நான் அடையாளம் சொன்னேன்.

பெட்ரோல் தீர்ந்த பின்பும் அதன் ஆவி டேங்குக்குள் நிற்குமாம், ஒரு பொறி போதுமாம். ஆவியை வெளியேற்றி, கருவி வைத்துப் பார்த்த பிறகே ஆளை அருகில் விடவேண்டும் என்று தீயணைப்பு வீரர் ஒருவர் பிறகு சொன்னார். அண்ணனிடம் அதை யாரும் சொல்லவில்லை.

போன வாரம் கான்ட்ராக்டர் மாலையோடு வீட்டுக்கு வந்தார். இம்மலரின் நன்றிப் பக்கத்தில் தம் பெயரும் இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். அவரே தொடர்ந்தார்.

"நெருப்புப் பத்த வெச்சது உங்க அண்ணன்தானுங்களே. நாங்க என்னங்க பண்றது?"

"ஆமாங்க, எங்கண்ணன்தான் பத்த வெச்சாரு. அன்னிக்கு நீங்க சிகரெட் பத்த வெக்க எதுக்குங்க ரோட்டத் தாண்டிப் போனீங்க? காதர் பாய் கடைகிட்ட நின்னுதானுங்களே குடிச்சீங்க?"

மாலையை வைத்துவிட்டுப் போனார். அதை மாட்டுக்குப் போட்டேன்.

காதர் பாய்க்கும், இன்னும் ஒரு காது கேட்காத மாதையனுக்கும், உடலை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த ஜீப்காரருக்கும், அண்ணியை ஒரு நாளும் தனியே விடாத அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. நன்றிப் பக்கத்தில் வேறு பெயர் இல்லை.

அண்ணன் கவனமாக இருந்ததால்தான் செத்தார். மண் வேலைக்குப் போகும் சொந்தங்களே, கிணற்றில் இறக்கும் விளக்கைப் பெட்ரோல் டேங்க் பக்கம் கொண்டுபோகாதீர்கள். காலி டேங்க்தான், இறங்கு என்று எவனாவது சொன்னால், முதலில் அவனை இறங்கச் சொல்லுங்கள்.